காபிலாவும் வானும்: போனவர் திரும்பி வருவதே வியாபாரம்

கடந்த மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை. புறக்கோட்டையிலிருந்து வந்த சரக்கைக் கடைக்கு முன்னால் இறக்கிக்கொண்டிருந்தோம். வாகனத்தின் பின்கதவில் பொறித்திருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்த கடைப் பையன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"முதலாளி, இது வான்தானே. பின்ன ஏன் கெரவன் எண்டு எழுதியிருக்கு?"

"அது வாகனத்துட பேர்டா. நிஸான் கெரவன்" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினேன். ஜப்பானிய நிஸான் நிறுவனம் 1973ஆம் ஆண்டு முதல் அந்தப் பெயரில் வான்களைச் செய்து வருகிறது. பதில் சரிதான். ஆனால் பையன் கேட்டது அதையல்ல. கெரவன் என்றால் என்ன என்று கேட்டான். இரவு கணக்குப் புத்தகத்தை மூடிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் பார்த்தபோது, வியாபாரிகளாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு கதை அந்தச் சொல்லுக்குள் இருப்பதைக் கண்டேன். அதையே இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தலை போய் வால் மிஞ்சிய சொல்

கெரவன் என்பது பாரசீகச் சொல். 'கார்வான்' என்பதே அதன் மூலம். பாலைவனத்திலும் மலைப்பாதையிலும் பாதுகாப்புக்காக ஒன்றுசேர்ந்து பயணம் செய்யும் கூட்டத்துக்கு அந்தப் பெயர். வியாபாரிகளும் ஹாஜிகளும் ஒட்டகங்களோடும் கோவேறு கழுதைகளோடும் அவ்வாறு சென்றார்கள். கூட்டம் இராத்தங்கும் கட்டடத்துக்குக் 'கார்வான் சராய்' என்று பெயர். சுற்றிவரச் சுவர், நடுவில் முற்றம், பூட்டக்கூடிய ஒரே ஒரு பெரிய வாசல். இரவில் வாசலைப் பூட்டினால் மனிதனும் மிருகமும் சரக்கும் பத்திரம்.

கிழக்கு நாடுகளோடு கொண்ட தொடர்பால் இந்தச் சொல் ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அப்போதும் அதன் கருத்து கூட்டம்தான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு மாற்றம் நடந்தது. பலர் ஏறிச் செல்லும் பெரிய மூடுவண்டியையும் அங்கே கெரவன் என்று அழைக்கத் தொடங்கினார்கள். மனிதர்களுக்குரிய பெயர் வண்டிக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த நீண்ட சொல்லின் தலையையும் வெட்டிவிட்டார்கள். மிஞ்சிய வாலே 'வான்'.

வேறு சிலர் அதை 'வேன்' என்று எழுதுகிறார்கள். இலங்கையில் நாம் 'வான்' என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். கார்வான் என்ற பாரசீகச் சொல்லின் கடைசிப் பாதியை, நம்மை அறியாமலே பழைய உச்சரிப்போடு வைத்திருக்கிறோம். பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: கெரவனும் வானும் ஒரே சொல். ஒன்று முழுசு, மற்றது துண்டு.

இங்கிலாந்தில் அந்த முழுச்சொல்லின் பயணம் இன்னும் தொடர்ந்தது. ஊர் ஊராகத் திரிந்த ஜிப்சிகளும் வேடிக்கைக் காட்சி நடத்துவோரும் குடியிருந்த சக்கர வீடுகளுக்கு அந்தப் பெயர் வந்தது. 1885இல் டாக்டர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை வைத்தியர், உல்லாசப் பயணத்துக்கென்றே குதிரைகள் இழுக்கும் ஒரு சக்கர வீட்டைச் செய்வித்தார். அதன் பெயர் 'வாண்டரர்'. இன்று தமிழகச் சினிமாச் செய்திகளில் வரும் 'கேரவன்', நடிகர் ஒருவர் தனியே இருந்து இளைப்பாறும் குளிரூட்டிய வாகனம். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து நடந்த கூட்டத்தின் பெயர், ஒருவர் தனித்திருக்கும் பெட்டிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அரபியிலும் அதே பயணம்

மத்திய கிழக்கில் சாரதியாக வேலை செய்து வந்த எவரிடமும் 'சையாரா' என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். "கார்" என்று உடனே சொல்வார். ஆனால் அல்குர்ஆனில் ஸூரா யூஸுபில் இதே சொல் வருகிறது. அங்கே அதன் கருத்து வழிப்போக்கர் கூட்டம். நபி யூஸுப் (அலை) அவர்கள் கிணற்றில் போடப்பட்டிருந்தபோது அவ்வழியே வந்தது ஒரு 'சையாரா'. தண்ணீர் அள்ள வந்தவர் வாளியை இறக்க, சிறுவர் கிடைத்தார். அவரைச் சரக்காக மறைத்துவைத்தார்கள், எண்ணி எடுக்கக்கூடிய சில திர்ஹங்களுக்கு விற்றார்கள். நடத்தல், செல்லுதல் என்ற வேரிலிருந்து பிறந்த இந்தச் சொல்லும் மனிதர் கூட்டத்தில் தொடங்கி இயந்திரத்தில் வந்து நின்றிருக்கிறது.

அதே ஸூராவில் 'ஈர்' என்ற இன்னொரு சொல்லும் உண்டு. தானியமும் உணவுப் பொருளும் சுமந்து செல்லும் ஒட்டகக் கூட்டம் என்பது அதன் கருத்து. மதீனாவில் ஒரு வெள்ளிக்கிழமை நபி (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்ததும் அப்படியொரு கூட்டம்தான். சரக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டுப் பலர் எழுந்து போய்விட, 12 பேர் மட்டுமே எஞ்சியிருந்ததாக ஸஹீஹுல் புகாரியில் ஜாபிர் (ரழி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது. ஸூரா ஜும்ஆவின் கடைசி வசனம் இந்தச் சம்பவத்தைப் பற்றியது. பெருநாள் சீஸனில் பாங்கு கேட்டும் கல்லாவை விட்டு எழும்பாத நமக்கு அதில் பாடம் உண்டு.

மூன்றாவது சொல்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அது 'காபிலா'. இதன் வேர்ச்சொல்லுக்குப் பயணத்திலிருந்து திரும்பி வருதல் என்று பொருள். அப்படியானால் புறப்பட்டுப் போகும் கூட்டத்துக்கு ஏன் 'திரும்பி வருவது' என்று பெயர் வைத்தார்கள்? அரபு அகராதி ஆசிரியர்கள் விளக்கம் தருகிறார்கள். நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்ற நல்லெண்ணத்தில், புறப்படும்போதே அந்தப் பெயரைச் சூட்டினார்களாம்.

எவ்வளவு இலாபத்தோடு வருவார்கள் என்பது அந்தப் பெயரில் இல்லை. போனவர்கள் வந்து சேரவேண்டும் என்பது மட்டுமே இருக்கிறது. நம் கடைவீதியில் இப்போது தவறாமல் திரும்பி வருவது காசோலை ஒன்றுதான் என்று நண்பர்கள் பகிடி பண்ணுவார்கள். பழைய வியாபாரியோ மனிதன் திரும்பி வருவதை எண்ணியே தொழிலுக்குப் பெயர் வைத்தான்.

மக்காவின் கூட்டு முதல்

விவசாயம் இல்லாத பள்ளத்தாக்கு மக்கா. அங்கே குறைஷியர் உயிர்வாழ்ந்தது காபிலாவால்தான். குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் அவர்கள் செய்த இரு பயணங்களை ஸூரா குறைஷ் நினைவூட்டுகிறது. இப்பயணங்களை ஒழுங்குபடுத்தியவர் நபியவர்களின் பாட்டனாருக்குத் தந்தையான ஹாஷிம் என்று வரலாற்று நூல்கள் கூறும். வழியிலுள்ள கோத்திரத் தலைவர்களோடு பாதுகாப்பு உடன்பாடு செய்துகொண்ட பிறகே அந்தப் பாதை வியாபாரப் பாதையானது.

அந்தக் காபிலாவில் பணக்காரர் மட்டும் பங்கெடுக்கவில்லை. ஹிஜ்ரி 2இல், பத்ர் யுத்தத்துக்குச் சற்று முன், அபூஸுப்யான் ஷாமிலிருந்து கொண்டுவந்த கூட்டத்தைப் பற்றி வாகிதி எழுதுகிறார். 1,000 ஒட்டகங்கள், 50,000 தீனார் பெறுமதி. கையில் ஒரு மித்கால் இருந்த குறைஷி ஆண், பெண் அனைவரும் அதில் பங்கு போட்டிருந்தார்களாம். இன்றைய பொதுக் கம்பனியின் பங்குகளைப் போன்ற ஓர் ஏற்பாடு அது.

பயணம் போக முடியாதவர் முதலைக் கொடுப்பார், போகக்கூடியவர் உழைப்பைக் கொடுப்பார். இலாபத்தைப் பேசிய விகிதப்படி பிரித்துக்கொள்வார்கள். இதுவே முழாரபா. கதீஜா (ரழி) அவர்களின் சரக்கை நபி (ஸல்) அவர்கள் ஷாமுக்குக் கொண்டுசென்றதும் இந்த வகையில்தான். உடன்சென்ற பணியாள் மைஸரா திரும்பி வந்து முதலில் வியந்து சொன்னது அவர்களது நேர்மையையும் குணத்தையும் பற்றி. இலாபம் அதற்குப் பின்னால் வந்தது.

நமது மூதாதையரின் தவளம்

அரேபியாவில் ஒட்டகம் செய்த வேலையை இலங்கையில் பொதிமாடு செய்தது. கண்டி இராச்சியக் காலத்தில் முஸ்லிம் வியாபாரிகள் மாட்டின் இருபுறமும் மூட்டை ஏற்றி, வரிசையாக மலைநாட்டுக்கு ஓட்டிச் சென்றார்கள். இதுதான் தவளம். சிங்களத்தில் 'தவலம' என்பார்கள். காலி மாவட்டத்தில் அந்தப் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது. தமிழில் 'தாவளம்' என்றால் தங்குமிடம். கரையோரத்திலிருந்து உப்பு, கருவாடு, புடவை மேலே போகும். மேலேயிருந்து கொட்டைப்பாக்கும் மிளகும் கீழே வரும்.

படைகள் எளிதில் ஏறிவரக்கூடாது என்பதற்காகக் கண்டி மன்னர்கள் அகலமான வீதிகள் அமைக்கவில்லை. காட்டுப்பாதைகளில் முள்வேலிக் கதவுகள் போட்டு காவல் வைத்தார்கள். 'கடவத்தை' என்ற ஊர்ப் பெயர் அப்படி வந்ததுதான். வண்டி போகாத அந்தப் பாதையில் மாடு மட்டுமே போகும். அரச போக்குவரத்துக்கென்றே 'மடிகே' என்ற ஒரு பிரிவு இருந்தது. காணி பெற்றுக்கொண்டு அதற்குப் பதிலாக மாடுகளோடு சேவை செய்தவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். மடிகே என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய முஸ்லிம் கிராமங்கள் குருநாகல் பக்கம் இன்றும் உண்டு.

தமிழ் மொழிக்கும் இதற்கென்று ஒரு பழைய சொல் இருக்கிறது. வணிகர் கூட்டத்துக்குச் 'சாத்து' என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை மாசாத்துவான். பெரும் வணிகக் கூட்டத்தின் தலைவன் என்பதே அந்தப் பெயரின் பொருள்.

பிரித்தானியர் கொழும்பு – கண்டி வீதியை வெட்டினார்கள். 1867இல் ரயில் கண்டியை அடைந்தது. பொதிமாடு போய்க் கரத்தை வந்தது, கரத்தை போய் லொறி வந்தது. தவளம் மறைந்தது. ஆனாலும் சேர்ந்து போகும் பழக்கம் உடனே மறையவில்லை. அதற்கு நானே சாட்சி.

1996 ஜனவரி 31

தொண்ணூறுகளில் எங்கள் கடைவீதியில் ஆறு புடவைக்கடைக்காரர்கள் சேர்ந்து கூலிக்கு ஒரு வான் பிடித்துப் புறக்கோட்டைக்குப் போவோம். பெரிய மூட்டைகளை லொறியில் போட்டுவிட்டு, அவசரச் சரக்கை வானில் ஏற்றுவோம். எங்களுக்கு அமீர் மாதிரி இருந்தவர் ஒரு மூத்த ஹாஜியார். அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். யார் எந்தக் குறுக்குத் தெருவுக்குப் போனாலும் ளுஹருக்குச் சம்மாங்கோட்டுப் பள்ளிக்கு வந்துவிட வேண்டும். அங்கே ஆள் எண்ணிப் பார்ப்பார்.

அன்று நோன்பு மாதம், புதன்கிழமை. பெருநாள் சரக்கு எடுக்கப் போயிருந்தோம். நான் ஒரு காசோலை விடயமாகக் கோட்டைப் பக்கம் நடந்தேன். மத்திய வங்கிக்கு முன்னால் குண்டு வெடித்தது அந்தக் காலைப் பொழுதில்தான். 90க்கு மேற்பட்டோர் உயிரிழந்த கொடூரம் அது. சத்தமும் புகையும் கண்ணாடித் துண்டுகளும். எல்லோரும் ஓடிய பக்கம் நானும் ஓடினேன். காலிமுகத்திடலில் போய் நின்றபோதுதான் நான் உயிரோடு இருப்பது எனக்கே விளங்கியது. வந்த வழி அடைத்துவிட்டார்கள். கொம்பனித்தெரு, மருதானை என்று சுற்றி நடந்தேன். கையடக்கத் தொலைபேசி இல்லாத காலம். வான் போயிருக்கும் என்றே நினைத்தேன்.

மஃரிபுக்குச் சற்று முன் பள்ளிவாசலை அடைந்தேன். ஐந்து பேரும் இருந்தார்கள். வீதிகளை மூடமுன் புறப்படுவோம் என்று சாரதி பலமுறை சொல்லியிருக்கிறார். ஹாஜியார் அசையவில்லையாம். "ஆறு பேர் வந்தம். ஆறு பேர்தான் போவம்" என்றாராம். என்னைக் கண்டதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நோன்புக் கஞ்சிக் கோப்பையை என் கையில் தந்தார்.

காபிலா என்ற சொல்லின் பொருளை நான் அகராதியில் படித்தது இப்போதுதான். அன்று பள்ளிவாசல் வாசலில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தனி வான்

இனி எழுதுவது எனக்குப் பெருமை தருவதல்ல. 2006இல் லீஸிங்கில் சொந்தமாக ஒரு வான் வாங்கினேன். வியாபாரம் நன்றாக இருந்தது. எனக்கு வசதியான நேரத்தில் போய் வரலாம், என் சரக்கு விலை மற்றவருக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டேன். "இனி நான் தனியப் போறன் ஹாஜியார்" என்றபோது அவர், "நல்லம் மகன், அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்" என்றார்.

நான் பார்க்காத கணக்கு ஒன்று இருந்தது. ஒரு கடைக்கு வேண்டிய சரக்கு ஒரு வானை நிரப்பாது. பாதி வெறுமையாகவே திரும்பினேன். டீசலும் தவணைப் பணமும் முழுசாகத்தான் போயின. ஆறு கடைக்கும் சேர்த்து எடுக்கும்போது மொத்த வியாபாரி தந்த விலையை எனக்கு மட்டும் தர அவருக்கு அவசியமில்லை. இரண்டு வருடத்தில் தவணை பிந்தியது. 2008இல் வானை நட்டத்துக்கு விற்றுக் கடனை அடைத்தேன். பழைய கூட்டத்துக்குத் திரும்பிப் போக வெட்கம். பல வருடங்கள் பஸ்ஸில் தனியாகவே போய் வந்தேன். அதற்கிடையில் மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொந்த வாகனம் வாங்கினார்கள். கூட்டம் கலைந்தது. ஹாஜியாரும் மௌத்தானார்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. வரிசையில் இரவு பகலாக நின்றோம். பிறகு கியூஆர் அட்டையில் வாரத்துக்கு அளந்து தந்தார்கள். ஐந்து வாகனம் ஓட எரிபொருள் இல்லை. ஒரு நாள் ஹாஜியாரின் மகன் அழைத்தார். "நானா, அஞ்சு கடைக்கும் ஒரு வான் போட்டுப் போவம். வாறீங்களா?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. எரிபொருள் கட்டுப்பாடு நீங்கிய பிறகும் நாங்கள் அந்த ஏற்பாட்டை விடவில்லை. பையன் கேள்வி கேட்டது அந்த வானைப் பார்த்துத்தான்.

நீங்களும் தொடங்கலாம்

இதற்குச் சங்கமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். உங்கள் கடைவீதியில் நம்பிக்கையான நாலைந்து பேர் போதும். வான் கூலி 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கடைக்குப் பிரித்தால் ஆளுக்கு 6,000. ஒரே மொத்த வியாபாரியிடம் ஐந்து பேரின் கொள்வனவையும் சேர்த்துப் பேசினால் கிடைக்கும் கழிவு வேறு. எங்கள் அனுபவத்தில் சில விடயங்களை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

முதலாவது, ஒருவரைத் தலைவராக ஏற்றுக்கொள்ளுங்கள். மூவர் பயணம் போனால்கூட ஒருவரை அமீராக்கிக்கொள்ளும்படி நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் அவர் சொன்னபடி. நாங்கள் வெள்ளிக்கிழமையில் போவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

இரண்டாவது, எழுதிக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் வசனமே அல்குர்ஆனில் மிக நீளமானது. யாருடைய மூட்டை, யாருடைய பணம், யார் யாருக்கு எவ்வளவு என்பதை வானில் ஏறமுன் ஒரு கொப்பியில் பதிந்துவிடுங்கள். கூட்டு வியாபாரங்கள் பல முறிந்தது களவால் அல்ல, மறதியால்.

மூன்றாவது, உங்கள் கடைகள் வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம். பயணத்தையும் கொள்வனவையும்தான் சேர்த்துச் செய்கிறோம். விற்கும் விலையை நாலைந்து பேர் பேசி ஏற்றி வைப்பது கூட்டம் அல்ல, மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

கடைசியாக, பின்தங்கியவருக்காகக் காத்திருங்கள். கடந்த வருடம் எங்களில் ஒருவர் சத்திர சிகிச்சைக்காக வைத்தியசாலையில் இருந்தார். நாங்கள் நால்வரும் அவரது கடைக்கும் சேர்த்துச் சரக்கு எடுத்து வந்து இறக்கினோம். அவர் கடை ஒரு நாளும் பூட்டியிருக்கவில்லை. சுகமாகி வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பணத்தைத் தந்து முடித்தார்.

மறுநாள் காலை பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கெரவன் எண்டா வாகனம் இல்லடா. சேர்ந்து போய்ச் சேர்ந்து வாற ஆக்கள்." அவன் வெளியே நின்ற வானைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அப்ப, நேத்து வந்த நீங்க அஞ்சு பேரும்தான் கெரவனா?" என்றான்.

ஆமாம் என்றேன். வல்ல அல்லாஹ் நம் அனைவரது வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக. போனவர்களை நலமே திருப்பி அனுப்புவானாக.